முப்பத்தைந்து சுற்று ஒரு கிரிவலம்

(திருவண்ணாமலையில் வாசகர்கள் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விளையாட்டரங்கத்தின் ஓடுதளம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். அந்த வட்டத்தை 35 முறை சுற்றினால் ஒரு கிரிவலம் ஆகிவிடும். மலையை மூன்று முறை சுற்றினால் 42 கிலோமீட்டர். மாரத்தான் தூரம் 42.195. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளை ஓடவிட்டுப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு தற்செயலாகத்தான் தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை.

செருப்பில்லாத காலோடு எழுபது வயதுப் பாட்டி 14 கிலோமீட்டர் நடக்கும் ஊர் இது. நடையும் ஓட்டமும் இந்த மண்ணுக்குப் புதியவை இல்லை. ஒரு வட்டப் பாதையை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். விளக்கு எரிகிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, குப்பை எடுத்தாயிற்றா என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாரோ ஒருவர் கேட்கிறார். யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே நான்கு கேள்விகளை அந்த 400 மீட்டர் வட்டத்துக்கும் கேட்கவேண்டும். யார் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த மாவட்டத் தலைநகரத்து மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பதக்கம் வாங்கப் போகிறவர்கள் அங்கே பத்துப் பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் யார்? சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னவர்கள். முழங்கால் வலியோடு மெதுவாக வரும் அம்மாக்கள். பிறகு, இருட்டில் முகம் தெரியாமல் ஓடும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். இவர்கள் போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், ஒரு விநாடி தப்பினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு விவசாயக் கூலியின் மகனுக்கு அந்த 7 நிமிடம் என்பது தங்கையின் கல்யாணம், அப்பாவின் கடன், எல்லாம்.

1500 மீட்டர் என்பது ஓடுதளத்தில் மூன்றே முக்கால் சுற்று. தளத்தில் கோடுகள் அழிந்துபோயிருந்தால் அந்த முக்கால் எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. கைப்பேசியை நம்பி ஓடுகிறான். அது இருபது, முப்பது மீட்டர் முன்பின் காட்டும். 7 நிமிட வேகத்தில் 30 மீட்டர் என்பது எட்டு விநாடிக்கும் மேல். பயிற்சியில் முடித்துவிட்டோம் என்று நம்பிப் போகிற பிள்ளை தேர்வு மைதானத்தில் தோற்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடுதளத்தில் 1.22 மீட்டர் அகலத்தில் எட்டுப் பாதைகள். 400 மீட்டர் என்பது உள்பாதைக்கு மட்டுமே உரிய அளவு. இரண்டாம் பாதையில் ஒரு சுற்று ஓடினால் 7 மீட்டர் கூடுதல். எட்டாம் பாதையில் 53 மீட்டர் கூடுதல். காலை நடைக்கு வரும் நம்மைப் போன்றவர்கள் நான்கு பேர் கைகோத்த மாதிரி உள்பாதையிலேயே பேசிக்கொண்டு போகிறோம். ஓடுகிறவன் நம்மைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் பாதைக்கும் நான்காம் பாதைக்கும் விலகி ஓடுகிறான். நடப்பவர்கள் வெளிப்பாதையில் நடக்கட்டும் என்று ஒரு பலகை எழுதி வைக்க என்ன செலவாகும்? ஒரு தகரமும் ஒரு டப்பா பெயின்டும். எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர்தான் நம் ஊர்களில் இல்லை.

ஏன் இல்லை என்று பார்ப்போம். விளையாட்டு, அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 33ஆவது இனத்தில் வருகிறது. ஆகவே மாவட்ட விளையாட்டரங்கங்கள் மாநில அரசின் கையில், 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கின்றன. அதே 1992இல் வந்த 74ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளுக்கு என்னென்ன பொறுப்புகளைத் தரலாம் என்று அது சொல்கிறது. 12ஆவது இனத்தில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று தெளிவாக இருக்கிறது. இரண்டும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரையில் நடப்பது என்னவென்றால், சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு துறை, வெளியே வேறொரு துறை. உள்ளே ஓடுதளமும் பயிற்சியாளரும் ஆணையத்தின் பொறுப்பு. வெளியே சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. மைதானத்துக்கு வரும் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் உடற்கல்வி ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையில் இருக்கிறார்.

இந்தச் சுவர் எப்படி ஒரு ஓடுதளத்தைக் கொல்லும் என்று சொல்கிறேன். செயற்கைத் தளம் என்று நாம் சொல்வது சுமார் 13 மில்லிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன் பரப்பு. அதற்குக் கீழே தார்க்கலவை, அதற்குக் கீழே ஜல்லி. மழை பெய்தால் தண்ணீர் உள்விளிம்புக் கால்வாய்க்கு வடிந்து, அங்கிருந்து ஊர் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். வெளியே உள்ள வடிகாலில் மண் சேர்ந்து மேடாகிவிட்டால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். மூன்று நாள் நின்ற தண்ணீர் தளத்துக்கு அடியில் புகும். வெயில் ஏறியதும் ஆவியாகி மேலே தள்ளும். தோசையில் வருகிற மாதிரி கொப்புளம் கிளம்பும். ஸ்பைக் ஷூ அதன்மேல் பட்டுக் கிழியும். கிழிந்த ஓரத்தைப் பிள்ளைகள் காலால் நெம்புவார்கள். எட்டுப் பத்து ஆண்டு உழைக்க வேண்டிய தளம் நான்கே ஆண்டில் உரிந்துபோகும். கோடிக்கணக்கில் செலவு செய்த துறை, காண்ட்ராக்டர் சரியில்லை என்று சொல்லும். புரட்டாசியில் இரண்டு ஆட்களை விட்டு வடிகாலைத் தூர்வாரியிருந்தால் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வடிகாலும் இந்தத் தளமும் ஒரே கோப்பில் இல்லாததுதான் காரணம்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் வேலை பார்த்த வேறொரு மாவட்டத் தலைநகரம். என் பள்ளியில் ஒன்பதாவது படித்த ஒரு பெண், 400 மீட்டர் ஓடுவாள். கால் நல்ல நீளம், கையை வீசுவதில் ஒரு லயம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் 300 மீட்டர் தாண்டியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்துவிடுவாள். நான் வாழைப்பழம் கொடுத்தேன், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். பாட்டிலை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வாள், குடிக்க மாட்டாள். ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, குடிக்கத்தானே கொடுக்குறேன்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "குடிச்சா அப்புறம் எங்க சார் போறது?"

அரங்கத்தில் கழிப்பறை இருந்தது. பெண்களுக்குத் தனியாக, டைல்ஸ் போட்டு, நல்ல கட்டடம். பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்தில், அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடிவிடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து பயிற்சி தொடங்குவதே ஐந்தரைக்கு. ஆகவே அந்தப் பெண் மட்டுமல்ல, அங்கே ஓடிய பன்னிரண்டு பெண் பிள்ளைகளும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதமாக நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

நான் மனு எழுதினேன். பதில் வந்தது. கட்டடம் எங்களுடையது, துப்புரவுப் பணியாளர் இடம் காலியாக இருக்கிறது என்று ஒரு பதில். குடிநீர் இணைப்புக் கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்று இன்னொரு அலுவலகத்தின் பதில். இரண்டு பதிலும் உண்மை. அந்த நேரத்தில் அந்த வார்டின் கவுன்சிலர் அம்மா மாலை நடைக்கு வர ஆரம்பித்தார்கள். தையல் கடை வைத்திருப்பவர். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். ஒரு மாலை என்னிடம் வந்து, "சார், பாத்ரூம் சாவி யாருகிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாளே அலுவலகத்துக்குப் போனார். அந்த மாத மன்றக் கூட்டத்தில் கேட்டார். அடுத்த மாதமும் கேட்டார். மூன்றாவது கூட்டத்தில் இரண்டு அலுவலகத்து ஆட்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசினார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒரு பெண்மணியைப் பேசி அமர்த்தினார்கள்; காலை ஐந்திலிருந்து இரவு எட்டுவரை திறந்திருக்கும் என்று கதவிலேயே எழுதினார்கள். சாவிக்கு இரண்டு நகல் போட்டார்கள். ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று அந்தப் பெண்மணியிடம். நான்கு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் மாணவி தண்ணீர் குடித்தாள். அடுத்த ஆண்டு மண்டலப் போட்டியில் 400 மீட்டரையும் முழுதாக ஓடி முடித்தாள். நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை. நான் மைதானத்திலேயே அழுதுவிட்டேன்.

2016இல் நம் மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. அந்தப் பாதி எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சாவியைத்தான் சொல்வேன். எத்தனையோ ஆண் உறுப்பினர்கள் அதே மைதானத்தில் நடந்திருக்கிறார்கள். பூட்டிய கதவு அவர்கள் கண்ணில் படவில்லை. படவேண்டிய தேவையும் அவர்களுக்கு வரவில்லை.

கட்டுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. சென்னை நேரு விளையாட்டரங்கத்தை 1993இல் 260 நாட்களில் எழுப்பினோம். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 2017இல் ஆசிய தடகளப் போட்டியை நடத்த முடியாது என்று ராஞ்சி கையை விரித்தபோது, புவனேசுவரம் சுமார் 90 நாட்களில் கலிங்கா அரங்கத்தைத் தயார் செய்தது. ஒரு தலைவர் முடிவெடுத்தால் சிமென்ட்டும் இரும்பும் தானாக வந்து சேரும். நம் மாநிலத்திலும் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாயில், என்று திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். என் கவலை திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையைப் பற்றியது. ஒடிசாவைப் பார்த்து நான் வியப்பது அந்த 90 நாளை வைத்து இல்லை. 2018இலிருந்து இந்திய ஹாக்கி அணிகளுக்கு அந்த மாநிலம் ஆதரவாளராக நின்றது; 2018இலும் 2023இலும் உலகக் கோப்பையை நடத்தியது. ஒன்றைத் தொட்டால் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அங்கே பெரிய விஷயம்.

விடாமல் பிடித்துக்கொள்வதற்கு நம் முன்னோர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கோயிலுக்கு விளக்கு வைக்க நினைத்த சோழர் காலத்து மனிதர், விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்துக்கொண்டு போய்விடவில்லை. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்தார். அந்த ஆடுகளை மன்றாடி என்கிற இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதனால்தான் கல்வெட்டு அதைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்கிறது. சாகாத, மூப்படையாத ஆடு. அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பராமரிப்பு நிதி என்று நாம் இன்றைக்குச் சொல்கிற வறண்ட சொல்லுக்கு இவ்வளவு உயிருள்ள ஒரு பெயர் நம் மொழியில் ஆயிரம் ஆண்டாக இருக்கிறது. நம் அண்ணாமலையார் கோயில் சுவர்களிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

நம் அரங்கத்துக்கு ஆடு எது? ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தளம் போட எவ்வளவு ஒதுக்குகிறார்களோ, அதில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே வைப்புநிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் கோடு வரையவும் தளம் கழுவவும் விளக்கு மாற்றவும் எடுக்கலாம். இன்னொன்று, வாடகை. கோவை நேரு விளையாட்டரங்கம் மாநகராட்சியின் சொத்து. அதைச் சுற்றிக் கடைகள் இருக்கின்றன. அதுபோல அரங்கத்தை ஒட்டிய இடங்களில் கடை வாடகையோ, விளம்பரப் பலகைக் கட்டணமோ, வாகன நிறுத்தக் கட்டணமோ எங்கே வந்தாலும், இத்தனை விழுக்காடு அரங்கத்துக்கே என்று மன்றத்தில் தீர்மானம் எழுத வேண்டும். பொதுக் கணக்கில் கலந்த பணம் திரும்பி மைதானத்துக்கு வராது. மைதானத்தை வேறு விழாவுக்கு வாடகைக்கு விடுவதானால், பந்தல் கால் நட்ட குழியை மூடிச் சமப்படுத்திய பிறகே முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுத வேண்டும். நீளம் தாண்டுகிற பிள்ளை ஓடிவரும் பாதையில் கைப்பிடி அளவு குழி இருந்தாலும் முட்டி போய்விடும். நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் கார்த்திகை தீபத்தைக் காட்டுவேன். 2011 கணக்கெடுப்பில் இந்த நகரத்தின் மக்கள்தொகை 1,45,278. தீபத்தன்று வந்து போகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு. அந்த ஒரு நாளுக்காக ஆட்சியர், காவல்துறை, அறநிலையத் துறை, நகர நிர்வாகம், மின்வாரியம், போக்குவரத்து, சுகாதாரம் எல்லாரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்தச் சாலையில் எந்தத் தற்காலிகப் பேருந்து நிலையம், எங்கே குடிநீர், எங்கே மருத்துவ முகாம், யார் பொறுப்பு என்று பட்டியல் போடுகிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. அந்தத் துயரத்துக்கு இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் 13ஆம் தேதி தீபம். வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். பக்தர்கள் மலையேற வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கொப்பரையும் நெய்யும் சுமப்பவர்கள் மட்டும் ஏறித் தீபம் ஏற்றினார்கள். நெருக்கடியில் ஒரே மேசையில் உட்கார்ந்து கடினமான முடிவெடுக்கத் தெரிந்த நிர்வாகம் இது. அந்த மேசையை மைதானத்துக்காக மாதம் ஒரு மணிநேரம் போட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. ஆணையத்தின் மாவட்ட அலுவலர், மாநகராட்சிப் பொறியாளர், சுகாதார அலுவலர், வார்டு உறுப்பினர், இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், அங்கே ஓடுகிற பிள்ளைகளில் இருவர். அந்த இருவரில் ஒருத்தி பெண்ணாக இருக்க வேண்டும். பேசியது என்ன, யார் செய்வது, எப்போது முடியும் என்பதை வாசலில் ஒட்ட வேண்டும்.

2024 ஆகஸ்டில் நம் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. பலருக்கும் அதில் முதலில் ஞாபகம் வருவது வரி உயருமா என்பது. நியாயமான கேள்விதான். எனக்கு ஞாபகம் வந்தது வேறு. மேயர் என்ற பதவியோடு ஒரு குரல் வருகிறது. சட்டப்படி தன் கையில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றியும் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கேள்வி கேட்கும் உரிமை அந்தக் குரலுக்கு உண்டு. தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். நல்ல தலைவர், கோப்பு தன்னுடையது இல்லை என்றாலும் சாவி யாரிடம் என்று கேட்பார்.

கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2022 மே மாதத்தில் தேசமே பார்த்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டிய தியாகராஜ் விளையாட்டரங்கத்தில், மாலை ஏழு மணிக்கெல்லாம் பயிற்சியை முடித்துக்கொண்டு வெளியேறும்படி வீரர்களிடம் சொல்லிவந்தார்கள். பிறகு ஒரு உயர் அதிகாரி தன் நாயோடு அங்கே நடந்தார் என்று பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அவரை இடமாற்றினார்கள். டெல்லி அரசு தன் அரங்கங்கள் எல்லாம் இரவு பத்துவரை திறந்திருக்கும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு எனக்குப் பிடித்தது. வேலைக்குப் போகிறவர்கள் விளையாட வருவது இரவு எட்டு மணிக்குத்தான். ஆனால் வெளியேற்றப்பட்ட வீரர்களும் அவர்களின் பயிற்சியாளர்களும் எத்தனை மாதம் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. புகார் சொல்ல அவர்களுக்கு ஒரு மேசை இல்லை.

கேட்டுச் செய்த இடத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐஸ்லாந்து என்றொரு நாடு. 2018இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்து, முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தியது. மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய மூன்றரை லட்சம். நம் மாவட்டத்தில் 2011லேயே 24 லட்சத்துக்கும் மேல். அங்கே தொண்ணூறுகளின் இறுதியில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளின் குடிப்பழக்கம் பெரிய கவலையாக இருந்தது. கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்தோம் என்று சொன்னவர்கள் 1998இல் நூற்றுக்கு 42 பேர். 2016இல் 5 பேர். இடையில் பல காரியங்கள் செய்தார்கள். அதில் நகர நிர்வாகங்களின் பங்கு பெரியது. ரேக்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டிலோ இசையிலோ சேர ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்தது. பெற்றோர்கள் வார இறுதி இரவுகளில் குழுவாகத் தெருவில் நடந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நம் பிள்ளை எங்கே இருக்கிறான் என்ற கேள்வி இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனை தாய்மார்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தெரியும். விளக்கு எரிகிற மைதானம் அதற்கு முழுப் பதில் ஆகாது. ஆனால் அது இல்லாமல் வேறு பதில் தேடுவது கடினம்.

மைதானம் யாரைக் கண்டெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, தாய் தந்தையை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடிய அந்தப் பெண்ணை ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதிக்கவைத்தார். ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடினார். வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கிய சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினார். 1989வரை நாமும் வேலூரும் ஒரே மாவட்டம். நம் பக்கத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. தினமும் ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பள்ளிக்குப் போகிற மலைப் பிள்ளைகளின் நுரையீரலை நினைத்துப் பாருங்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வழியாக இங்கே வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு போட்டிக்கு வந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இறுதிச் சுற்றுக்கு முன்பே கிளம்பிவிட வேண்டிய நிலை அவர்களுக்கு. ஓர் இரவு தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் அவர்களில் எத்தனை பேர் இறுதிச் சுற்றில் நிற்பார்கள் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? நகரங்களில் பகுதி சபை என்று ஒன்று இருப்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையை உயர்த்துங்கள். ஆறு, ஏழு பேர். கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022 நவம்பர் 1ஆம் தேதி நடந்த முதல் பகுதி சபைகளில் ஒன்றில், தாம்பரம் மாநகராட்சிப் பம்மலில், முதலமைச்சரே உட்கார்ந்தார். அங்கே எழுந்து நின்று கேட்பது நம் உரிமை. நாம் கேட்கவில்லை என்றால் குறிப்பேட்டில் எதுவும் ஏறாது.

நான் ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். நான்கே வரி. பெண்கள் கழிப்பறை காலை ஐந்திலிருந்து இரவு எட்டுவரை திறந்திருக்க வேண்டும், திறப்பவர் பெயர் கதவில் இருக்க வேண்டும். அரங்கத்தைச் சுற்றியுள்ள வடிகால் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறப்பதற்கு முன் தூர்வாரப்பட வேண்டும். ஓடுதளக் கோடுகள் ஆண்டுக்கு இருமுறை வரையப்பட வேண்டும், நடப்பவர்களுக்கு வெளிப்பாதை என்று பலகை வேண்டும். மாதக் கூட்டத்தின் குறிப்பு வாசலில் ஒட்டப்பட வேண்டும். பிரதிகள் கதவோரம் மேசையில் இருக்கின்றன. உங்கள் வார்டு எண்ணை மேலே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்வரிசைத் தம்பிகள் முதலில் வரட்டும். நாளை விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான். பேனா மேசையிலேயே கட்டி வைத்திருக்கிறது.